விரல் பட்ட மாக்னோலியா

மாக்னோலியாப் பூவின் வெள்ளை இதழைத் தொட்டால், தொட்ட இடம் கொஞ்ச நேரத்தில் பழுப்பாகிவிடும். அது தோக்சூனுக்குத் தெரியும். அதனால்தான் அன்று காலை, ஏணி போட்டாலும் எட்டாத உச்சிக்கிளையில் அப்போதுதான் விரிந்த பூவில் நான்கு பழுப்புக் கோடுகளைக் கண்டதும், துணிக்கூடையை இடுப்பிலிருந்து இறக்காமலே நெடுநேரம் முற்றத்தில் நின்றாள்.

பனியில் கருகியிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள்.

மரம் மாமியார் வைத்தது. வேரைக் கிளறாதே, கிளையை வெட்டாதே என்று வருஷா வருஷம் சொன்ன கிழவி, கடைசி இரண்டு வருஷம் தன் பெயரையே மறந்துபோனாள். கஞ்சி வேண்டாம் என்பாள், குளியல் வேண்டாம் என்பாள். தோக்சூன் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுப்பாள். புருஷன் வீட்டில் இல்லாதபோது இன்னும் கொஞ்சம் அழுத்துவாள். ஜனவரியில் கிழவி இறந்த விடியற்காலை, துணி மாற்ற உதவிக்கு வந்த பக்கத்து வீட்டு கும்ரே, செத்தவளின் சட்டைக் கையை மெல்ல இழுத்து எதையோ மூடினாள். எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

மறுநாள் பத்துப் பூக்களில் கோடுகள். மூன்றாம் நாள் எல்லாவற்றிலும். இனிப்பு வாசனைக்கு அடியில், கிழவியின் மணிக்கட்டில் தடவிவிடும் வலித்தைலத்தின் நெடி. தாழ்ந்த கிளையில் ஒரு பூவைப் பிடித்து, கோடுகள் மேல் தன் விரல்களை வைத்துப் பார்த்தாள். கோணலான சுண்டுவிரல் உட்பட, பொருந்தின.

பறிக்கத் தொடங்கினாள். கறுப்புப் பை நிறைந்தது. அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு கும்ரே வந்தாள்.

"எதுக்கு இப்படிப் பறிக்கிற? பெரியம்மா ஆசையா வளர்த்த மரமாச்சே."

"பூச்சி விழுந்திருக்குக்கா."

கும்ரே மரத்தடிக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இது பூச்சி இல்ல, தோக்சூன்."

குரலில் கோபமே இல்லை. தோக்சூனுக்குக் காது மடல்வரை எரிந்தது. கும்ரேயின் முகத்துக்கு நேரே தொங்கிய பூவை மறைக்கக் கை நீட்டினாள்.

காற்றில்லை.

பூ பின்வாங்கியது.

பிறகு கிளை. பிறகு அடுத்த கிளை. ஒவ்வொன்றாக, உச்சிவரை, மரம் முழுவதும் அவள் கைக்குப் பயந்து மதிலோடு மதிலாக ஒடுங்கிக்கொண்டு நடுங்கியது.

கும்ரே பார்த்துக்கொண்டிருந்தாள்.