எருக்குழியைப் பார்த்து நின்ற பசு

பசு அசைபோடுவதை நிறுத்தியிருந்தது.

செண்பகவல்லிக்கு எரிச்சலாக வந்தது. வெயில் ஏறினால் படுத்து அசைபோடும், பொழுது சாய்ந்தால் எழுந்து தீவனத்துக்குக் கத்தும். அதை வைத்தே நேரம் பார்த்து இவள் உலை வைப்பாள். நிறைமாதமானதும் எல்லாம் தலைகீழ். குற்றாலத்துச் சாரல் தென்காசி வரை இறங்கி, நண்பகலே அந்திபோல இருண்டு, ஓடு சொட்டி, ஈர வைக்கோலும் கோமியமும் புளித்து வீசிய தொழுவத்தில், அது படுக்காமல் பின்சுவரையே பார்த்து நின்றது. சுவருக்குப் பின்னால் எருக்குழி இருந்தது.

போன ஈற்றில் கன்று செத்துப் பிறந்தது. நஞ்சுக்கொடியை வைக்கோலில் பொதிந்து ஆலமரத்தில் கட்டச் சொல்லித் தொண்டை வற்றக் கத்தினாள். புருஷன் மந்திரமூர்த்தி மழைக்குச் சோம்பி, கன்றோடு அதையும் எருக்குழியில் தள்ளி மூடினான். இந்த ஈற்றும் வீணானால் மாட்டைப் புளியறை தாண்டிக் கேரளத்துக்கு அடிமாடாக அனுப்பிவிடுவேன் என்று வேறு சொல்லியிருக்கிறான்.

லாரி ஓட்டப் போயிருந்த புருஷனுக்குப் போன் போட்டாள்.

"பகல்ல ஈனட்டும்னு டாக்டரு சொன்னபடி சாயங்காலந்தான் தீவனம் வைக்கேன். தொட மாட்டேங்குது. வாங்க!"

"லாரி செக்போஸ்ட்ல கெடக்குட்டி. மாடுன்னா நிக்கத்தான் செய்யும்."

"அன்னைக்கும் இப்படித்தான் சொன்னீய!"

வைத்துவிட்டான். பாழாய்ப் போன மனுஷன்.

அடுப்படிக்குப் போனவளுக்குத் தொழுவத்திலிருந்து அசைபோடும் சத்தம் கேட்டது. கறக், கறக். அப்பாடா என்று ஓடி வந்தாள்.

பசுவின் தாடை அசையவில்லை.

சத்தம் நிற்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம்.

அப்போதுதான் பனிக்குடம் உடைந்தது. பயத்தை விழுங்கிக்கொண்டு கன்றை இழுத்துப் போட்டாள். உயிரோடிருந்தது! அழுகையே வந்துவிட்டது. பசு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இவளே சாக்கால் துடைத்தாள். சீம்பால் இறங்காவிட்டால் கன்று தங்காது. தூக்கிப் பசுவின் மடியில் சேர்த்தாள்.

பசு உதைத்தது.

"ஏட்டி, ஒம்பிள்ளைட்டி!"

மறுபடி உதை. கன்று அவள் மேலேயே சரிந்தது.

சுவருக்குப் பின்னால் சத்தம் நின்றுவிட்டது.

எருக்குழி வாடை. பக்கத்தில்.

பசு நிம்மதியாகக் கண்ணைச் செருகி அசைபோடத் தொடங்கியது. அவளுக்கு எதிர்ப்பக்கத்துக் காம்பு, ஏதோ ஒரு வாய் சப்பி இழுப்பதுபோல நீண்டது. விட்டது. நீண்டது. நுரை சொட்டியது. காம்பைச் சுற்றிக் கறுப்புச் சேறு. மடி மெல்ல வற்றியது.

செண்பகவல்லியின் கையில் கன்று அவள் விரலைச் சப்பிக்கொண்டிருந்தது.

பசு தலையைத் திருப்பி, அந்தக் காம்புக்கு அருகே யாருமில்லாத இடத்தை ஆசையாக நக்கிக் கொடுத்தது.