நாலு விரல் தண்ணீர்

அன்றும் வழக்கம்போல் உச்சிவெயிலில்தான் குகைக்குப் போனேன். மூன்றாவது வருடமாக மழை இல்லை. சோளக் கொல்லைகள் சருகாகிவிட்டன. ஊரில் பாதிப் பேர் தெற்கே கிளம்பிவிட்டார்கள். குகைக் கூரையிலிருந்து சொட்டும் தண்ணீரைக் குடத்தில் பிடித்து, மழைத் தெய்வம் சாக்கின் பூசைக்குக் காத்து வைப்பது என் வேலை. வெயிலோ மனித வாயோ பட்டிராத தண்ணீர் அது.

குகை வாசலைப் பெருக்கும் நிக்தே என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“என்ன சோல் அண்ணே, பெண்டாட்டியைவிட அந்தக் குடத்தைத்தான் பத்திரமா பாத்துக்கிறீங்க போல!”

புருஷனைப் பறிகொடுத்தவள். ஊரே வற்றியும் அவள் வாய் மட்டும் வற்றவில்லை.

“பாப்பாவுக்குக் காய்ச்சல் எப்படி இருக்கு?”

“அப்படியேதான் இருக்கு, நிக்தே.”

உள்ளே வௌவால் எச்சமும் குங்கிலியப் புகையும் மூக்கை அடைத்தன. இருட்டில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. என் மகள் யாஷ் உதடு வெடித்துக் கிடந்தது நினைவுக்கு வந்தது. சுரைக் குடுக்கையை எடுத்தேன். நாலு விரல் தண்ணீர், அவ்வளவுதான்.

மறுநாள் பூசாரி தோக், குடத்தின் உட்புறம் இருந்த ஈரத் தடத்தைத் தீப்பந்த வெளிச்சத்தில் பார்த்துவிட்டார். தண்ணீர் அதற்கு நாலு விரல் கீழே இறங்கியிருந்தது.

“யார்றா கை வெச்சது?”

“நாள் பூரா வாசல்ல இருக்கிறது நிக்தேதான், சாமி.”

பொய் சொல்லவில்லையே? இப்படித்தான் என்னையே ஏமாற்றிக்கொண்டேன், பாவி.

பூசாரிகள் அவளைக் குகைக்குள் கூட்டிப் போனார்கள். என்னைக் கடக்கும்போது நின்றாள். மெல்லக் கேட்டாள்.

“பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சா, அண்ணே?”

அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

நான் வாய் திறக்கவில்லை.

பூசாரிகள் திரும்பி வந்தார்கள். அவள் வரவில்லை.

மழையும் வரவில்லை.

பத்து நாளில் பூசாரியே ஊரைக் காலி செய்தார். “குடத்துல ஓட்டை போட்டுக் குகையிலேயே விட்டுட்டு வா” என்று என்னை அனுப்பினார். தெய்வத்துக்குக் கொடுத்த குடத்தின் அடியை உடைத்து, அதன் உயிரை அனுப்பிவிடுவது எங்கள் வழக்கம். உடைக்காமல் விட்டால், அதில் தங்கியது கூடவே வரும். ஆனால் வீட்டில் நல்ல குடம் ஒன்றுகூட இல்லை. தெற்கே போகும் வழியில் தண்ணீர் வைக்க வேண்டுமே என்று, காலிக் குடத்தை உடைக்காமல் தூக்கி வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அதில் தண்ணீர் இருந்தது.

விரலை வைத்து அளந்தேன். நாலு விரல்.

“சாக் கண்ணைத் தொறந்துட்டார்யா!” என்று மனைவி அழுதாள். வழியெங்கும் குளங்கள் வெடித்துக் கிடக்க, யாஷ் அந்தத் தண்ணீரைக் குடித்தே தேறினாள். தினமும் காலையில் நாலு விரல். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எனக்கு மட்டும் ஒரு மிடறுகூட இறங்கவில்லை.

ஒரு நாள் யாஷ் குடத்தில் காதை வைத்தாள்.

“அப்பா, உள்ள யாரோ பெருக்குறாங்க.”

நேற்று மாலை மனம் தாங்காமல் தீக்கல்லால் குடத்தின் அடியைக் குத்தினேன். என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தது. நிம்மதியாக மூச்சுவிட்ட பிறகுதான், நாளைக்குக் குழந்தை எதைக் குடிக்கும் என்று உறைத்தது. எனக்காக அவளைத் தாகத்தில் தள்ளிவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

இன்று காலை குடத்தில் தண்ணீர் இருக்கிறது. நாலு விரல்.

தூக்கிப் பார்த்தேன். ஓட்டை அப்படியே இருக்கிறது. ஒரு சொட்டு ஒழுகவில்லை.

யாஷ் வயிறு நிறையக் குடித்துவிட்டு, மறுபடி குடத்தில் காதை வைத்தாள்.

“நிக்தே அத்தைப்பா. எனக்குக் காய்ச்சல் விட்டுடுச்சான்னு கேக்குறாங்க.”

“விட்டுடுச்சுன்னு நீயே சொல்லிடும்மா.”

“நான் சொன்னா கேக்க மாட்டேங்குறாங்கப்பா. நீதான் சொல்லணுமாம்.”