வாடிக்கையாளர் துண்டித்தார்

காலை பதினொன்று பன்னிரண்டு.

படார்...!

இரண்டாம் மாடியில் கண்ணாடி உடைந்தது. முதல் மாடித் தையல்காரர் மிஷினிலிருந்து காலை எடுத்தார். மேலே இருப்பது கண்ணாடிக் கடை. அங்கே கண்ணாடி உடைவது ஒன்றும் புதிதல்ல. ஆனால் கூடவே 'தொப்'பென்று இன்னொரு சத்தமும் கேட்டதே...

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். படியேறினார். கதவைத் தள்ளினார்.

"ஐயோ...!"

சுவரோரம் சாய்த்து வைத்திருந்த முப்பது கண்ணாடிகளிலும் முப்பது கடை முதலாளிகள் விழுந்து கிடந்தார்கள். அசல் முதலாளி தரையில். பின்மண்டையில் ரத்தம். பக்கத்தில், கண்ணாடி அறுக்க அளவு பார்க்கும் இரும்புப் பட்டை.

பின்பக்கப் படிக்கட்டின் கதவு மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது!

*

மாலை மூன்று மணி.

மொபைல் கம்பெனியின் ஆறாவது மாடியில் கைமாத்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

கைமாத்து என்றதும் கடன் கேட்கிற ஆசாமி என்று சட்டைப்பையைப் பொத்திக்கொள்ள வேண்டாம். எஞ்சினீயர். நீங்கள் போனில் பேசிக்கொண்டே பஸ்ஸில் போனால், ஒரு டவர் உங்களை அடுத்த டவரின் கையில் ஒப்படைக்க வேண்டும். கைக்குழந்தையை மடி மாற்றுவது மாதிரி. அந்தக் கை பிடித்த பிறகுதான் இந்தக் கை விட வேண்டும். முந்திக்கொண்டு விட்டால் கால் அறுந்துவிடும். அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அவன் வேலை. அதனால் ஆபீசில் அந்தப் பெயர்.

மேஜை மேல் மூன்று கேடயங்கள். மூன்றிலும் ஒரே வாசகம். 'சேவைத் தர நாயகன்'.

எப்படி வாங்கினான் என்பதை அவன் வாயாலேயே கேட்கலாம். கொஞ்சம் பொறுங்கள்.

போன் அலறியது. மனைவி.

"என்னங்க... தம்பியைப் போலீஸ் பிடிச்சுட்டுப் போயிட்டாங்க!"

"என்னது! எதுக்கு?"

"அவன் முதலாளியை யாரோ கொன்னுட்டாங்களாம். இவன்தான்னு சொல்றாங்க. அந்த நேரத்துல அவன் என்கூடப் பேசிட்டிருந்தான்ங்க! வேன்ல போயிட்டே பேசுனான். பாலத்துல ஏறிட்டேன்க்கான்னான், உடனே கட்டாயிடுச்சு. சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க... உங்க கம்பெனி பேப்பரைக் காட்டி என்னையே பொய்க்காரிங்கிறாங்க!"

கைமாத்து நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான்.

"எங்க கம்பெனி... பேப்பரா?"

*

பெண் இன்ஸ்பெக்டர் மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு, அதையே மேஜையெல்லாம் தேடிக்கொண்டிருந்தார்.

"தலைல இருக்கு மேடம்."

"தெரியும். நீங்க உண்மையைச் சொல்ற ஆளான்னு பார்த்தேன். உக்காருங்க."

உட்கார்ந்தான். நாற்காலி சுட்டது.

"உங்க மச்சினன் கண்ணாடிக் கடையோட வேன் டிரைவர். போன வாரம் அந்த வேன் ஒரு சைக்கிள்காரரை இடிச்சுட்டு நிக்காமப் போயிருக்கு. அவர் இன்னும் கண் முழிக்கல. இன்னிக்குக் காலைல முதலாளி எனக்குப் போன் பண்ணி, 'மத்தியானம் வாங்க, வேனைப் பத்திச் சொல்லணும்'னார். மத்தியானம் வரைக்கும் அவரை யாரோ விட்டு வைக்கல."

"என் மச்சினன் அப்படிப்பட்டவன் இல்ல மேடம்!"

"எல்லா மாமாவும் இதையேதான் சொல்றீங்க. கடையிலேருந்து பாலம் ரெண்டரை கிலோமீட்டர். நடுவுல மூணு சிக்னல். அக்காகூடப் பேசின கால் முடிஞ்சது பதினொன்னு பதினொன்னுக்கு. அப்போ பாலத்துல இருந்தவன், பதினொன்னு பன்னெண்டுக்குக் கடைல கொலை பண்ணியிருக்க முடியாது. விட்டுடலாம். ஆனா..."

ஒரு காகிதத்தை நகர்த்தினார்.

"கால் முடிஞ்ச காரணம், 'வாடிக்கையாளர் துண்டித்தார்'னு போட்டிருக்கு. அவனே பட்டனை அமுக்கியிருக்கான். தானா அறுந்துச்சுன்னு ஏன் புளுகறான்?"

"அந்தப் பாலத்துல அடிக்கடி அறுக்கும் மேடம்..."

"அப்படியா?" இன்னொரு காகிதம் வந்தது. "போன மாசம் பாலத்துல அறுந்த கால்கள், பூஜ்யம். கீழே கையெழுத்து யாருது சார்?"

கைமாத்து குனிந்து பார்த்தான். பார்க்கத் தேவையே இல்லை.

அவனுடையது!

*

வெளியே பெஞ்சில் மனைவி. அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"போன ஞாயித்துக்கிழமைகூட அந்தப் பாலத்துல எனக்குக் கட்டாச்சே! 'அந்த இடமே அப்படித்தான், எவனும் ஒழுங்கா வேலை பார்க்கிறதில்ல'ன்னு நீங்கதானே சொன்னீங்க? அதைப் போய் உள்ளே சொல்லுங்களேன்..."

அந்த 'எவனும்' யார் என்று அவளுக்குத் தெரியாது. கைமாத்துக்குக் கூசியது. பொண்டாட்டியின் முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் செருப்பைப் பார்த்தான்.

"பாவங்க அவன். இன்னிக்குப் பேசும்போதே குரல் ஆரம்பத்துலேருந்து விட்டு விட்டுத்தான் வந்துச்சு. என்னமோ சரியில்லன்னு அப்பவே..."

அதைக் காதில் வாங்கிக்கொள்ளும் நிலையில் அவன் இல்லை. கம்பிக்குப் பின்னாலிருந்து மச்சினன் கூப்பிட்டான்.

"மாமா... சத்தியமா நான் கட் பண்ணல மாமா! அதுவாத்தான் கட்டாச்சு!"

"தெரியும் மாப்ள. உன் மேல தப்பே இல்ல. தப்பு பண்ணவன் நான்."

*

"மேடம், அந்த ரெண்டு பேப்பரும் பொய்."

"யார் சொன்ன பொய்?"

"நான்."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"டவர் மாறும்போது கால் அறுந்தா அது எங்க தப்பு மேடம். மேலிடத்துல கிழிச்சிடுவாங்க. இன்னும் நாலு டவர் போட்டாத்தான் சரியாகும்னு சொன்னேன். யாரும் கேக்கல. அதனால ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். துடைப்பம்னு பேர் வச்சேன். அறுந்த கால் எல்லாத்தையும் அது 'வாடிக்கையாளர் துண்டித்தார்'னு மாத்திடும். எந்த டவர்லேருந்து எதுக்குத் தாண்டுச்சுங்கிற வரிகளையும் கூட்டித் தள்ளிடும்."

"எவ்வளவு காலமா?"

"மூணு கேடயமா மேடம்."

"எத்தனை கால்?"

"லட்சக்கணக்குல..."

"ஆக, ஊர்ல புருஷன் பொண்டாட்டியெல்லாம் 'நீதான் கட் பண்ணே, நீதான் கட் பண்ணே'ன்னு சண்டை போட்டதுக்கெல்லாம் நீங்கதான் காரணமா!"

கைமாத்து தலையைத் தொங்கப் போட்டான். கண்ணில் நீர் முட்டியது. மூன்று வருஷமாக மேடையேறி, கை குலுக்கி, பல்லைக் காட்டிய ஒவ்வொரு போட்டோவும் இப்போது அவனைப் பார்த்துச் சிரித்தது. வெட்கம்! நாற்பது வயதில், ஒரு போலீஸ் மேஜைக்கு முன்னால், பரீட்சையில் காப்பியடித்து மாட்டிக்கொண்ட பையன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"இதை எழுத்துல கொடுத்தா உங்க வேலை போயிடும். தெரியுமில்ல?"

"போகட்டும் மேடம். என் பொய்யால அவன் உள்ளே போகக் கூடாது. துடைப்பம் படாத அசல் பதிவு பதினஞ்சு நாளைக்கு மெஷின்ல இருக்கும். இப்பவே எடுத்துத் தர்றேன். கடையிலேருந்து பாலம் வரைக்கும் மார்க்கெட் டவர். பாலத்துல மில் டவர் வாங்கிக்கணும். அங்க ஒரே ஒரு தடவை தாண்டப் பார்த்து அறுந்திருக்கும். அதைப் பார்த்தா அவனை விட்டுடுவீங்களா?"

"தாராளமா!"

எழுதினான். கையெழுத்துப் போட்டான். இந்த மூன்று வருஷத்தில் அவன் உண்மைக்குக் கீழே போட்ட முதல் கையெழுத்து.

மனைவியையும் மச்சினனையும் உள்ளே கூட்டி வந்தார்கள். மாமா திறந்து வைத்த லேப்டாப்பைப் பார்த்ததும் மச்சினனுக்குப் பதறிவிட்டது.

"வேணாம் மாமா! எனக்காக நீங்க அவமானப்பட வேணாம். மூடிடுங்க!"

"தங்கமான பையன்ங்க..." என்று விசும்பினாள் அக்கா.

கைமாத்து அவனை நிமிர்ந்து பார்த்தான். உள்ளே போகிற நேரத்திலும் மாமாவின் மானத்தை நினைக்கிறானே! கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டனைத் தட்டினான்.

கடைசி வரி முதலில் வந்தது.

"பாருங்க மேடம்! 'ஒப்படைப்பு தோல்வி'! அறுந்துதான் போயிருக்கு! அவன் கட் பண்ணல!"

"கடவுளே...!" மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"சந்தோஷம். அதுக்கு மேல இருக்கிற வரிகளையும் படிங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

படித்தான்.

"மார்க்கெட் டவர்... மில் டவர்... மார்க்கெட் டவர்... மில் டவர்... மார்க்கெட்..."

குரல் தேய்ந்தது. விரல் நின்றது.

"ஏன் சார் நிறுத்திட்டீங்க? ஒரே ஒரு தடவைன்னீங்க. எத்தனை தடவை தாண்டியிருக்கு?"

"நாப்பத்தியொண்ணு..."

"அப்படின்னா?"

கைமாத்து வரிகளை மறுபடி எண்ணினான். அதே நாற்பத்தியொன்று.

"சொல்லுங்களேன்!" மனைவி அவன் தோளை உலுக்கினாள்.

"வண்டில போற போன் ஒரு தடவை தாண்டும்... அதோட சரி. திரும்பி வராது. இப்படி மாறி மாறிக் குதிச்சா, ஆள் நகரவே இல்லன்னு அர்த்தம். ரெண்டு டவரோட சிக்னலும் சரிக்குச் சரியா விழுற இடத்துல... நின்னுட்டே பேசியிருக்கான். அப்போ குரலும் விட்டு விட்டுத்தான் கேக்கும்."

மனைவியின் கை அவன் தோளிலிருந்து நழுவியது.

"அது எந்த இடம் சார்?"

தெரியும். அவனுக்கு நன்றாகவே தெரியும். ஒரே வருஷத்தில் அந்த இடத்திலிருந்து பதினோரு புகார்கள். 'எங்கள் பின்பக்கப் படிக்கட்டு ஆற்றைப் பார்த்து இருக்கிறது. அங்கே நின்று பேசினால் குரல் விட்டு விட்டு வருகிறது. தயவுசெய்து சரி செய்து கொடுங்கள்.' பதினொன்றையும், போய் ஒரு எட்டு பார்க்காமலேயே, 'வாடிக்கையாளர் திருப்தி' என்று எழுதி மூடியவன் அவன்தான்.

புகார் கொடுத்தவர் கண்ணாடிக் கடை முதலாளி.

"கடையோட... பின்பக்கப் படிக்கட்டு மேடம்."

மச்சினன் அப்படியே தரையில் சரிந்தான்.

"மத்தியானம் போலீஸ்ல சொல்லிடுவேன்னாரு மாமா... நேத்து காலைப் பிடிச்சுக் கெஞ்சுனேன். கேக்கல..."

"பாலத்துல ஏறிட்டேன்னியேடா!" அக்கா அலறினாள்.

"பாலத்துல கட்டாகும்னு மாமா சொன்னதுதானே... அப்படிச் சொல்லிட்டு நானே கட் பண்ணலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அதுவாவே கட்டாயிடுச்சு..."

"அப்போ அவரைக் கொல்ல நின்னுட்டேதான் என்கிட்ட, சாப்பிட்டியாக்கான்னு கேட்டியா?"

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கான்ஸ்டபிள் அவனைத் தூக்கி நிறுத்திக் கூட்டிக்கொண்டு போனார். மனைவி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். கைமாத்து எழுதிக் கொடுத்த காகிதம் மேஜையில் படபடத்தது.

"மேடம்... அந்தப் புகார்ல ஒண்ணையாவது நான் போய்ப் பார்த்திருந்தா..." என்றான் கைமாத்து.

இன்ஸ்பெக்டர் தலையிலிருந்த மூக்குக்கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டார்.

"பார்த்திருந்தா, கால் குதிக்காம மார்க்கெட் டவர்லயே சமத்தா நின்னிருக்கும். அவன் படிக்கட்டுல நின்னான்னு நிரூபிக்க வழியில்லாம, உங்க மச்சினனை இந்நேரம் வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்! அந்த மூணு கேடயத்தையும் திருப்பிக் கொடுத்துடுங்க சார்... வேலை செய்யாம விட்டதுக்கு நாலாவதை நாங்க தர்றோம்!"