நாற்பத்தொன்றாம் பீப்பாய்

காலை ஆறு மணிக்குச் சோலைமலையின் நாக்கைத் திறந்துவிட்டார்கள்.

ஆலை வாசலில் நிற்கும் காவல் இயந்திரம் இடுக்கியை நீட்டும். அவன் வாயைத் திறப்பான். முந்தைய நாள் சுவைத்து முடித்ததும் ஒட்டிய நாக்குறையை அது ஒரே இழுப்பில் உரித்தெடுக்கும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உறை. சோறு, குழம்பு, காரம் எதுவும் நாக்கில் படாமல் காப்பது அதன் வேலை. நிறுவனத்தின் நாக்கை சாப்பாட்டில் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்பது ஒப்பந்தத்தின் நான்காம் விதி. புதுக்கம்பத்தில் இதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை. குழாய் கழுவுகிறவனுக்குக் கையுறை. ஒயினைச் சுவைத்துப் பார்க்கிறவனுக்கு நாக்குறை.

புதுக்கம்பம் செவ்வாயின் ஒரு பள்ளத்தில், கண்ணாடிக் கூரைக்குக் கீழே இருந்தது. பூமியில் வெயில் தாங்காமல் திராட்சைக் கொடிகள் கருகிப்போனபோது, கம்பத்துக்காரர்கள் முந்நூறு பேர் பதியன்களோடு கப்பலேறி வந்தார்கள். கொடி பிடித்துக்கொண்டது. பேச்சும் மாறவில்லை, சண்டையும் மாறவில்லை. இருபத்தாறு மாதத்துக்கு ஒரு கப்பல். இங்கிருந்து ஒயின் போகும். அங்கிருந்து மருந்தும் புளியும் வரும். புளி முதல் மூன்று மாதத்திலேயே தீர்ந்துவிடும்.

மனித நாக்கு படாத ஒயினைப் பூமியில் வாங்குவதில்லை. ஆகவே ஆலைக்கு ஒரு மனிதன் தேவைப்பட்டான். அவனுக்கு எதிரே சுவைமானி என்ற இயந்திரம். இருவரும் ஒரே ஜாடியிலிருந்து சுவைத்து, நூற்றுக்கு இவ்வளவு என்று தனித்தனியே மதிப்பெண் போட வேண்டும். வித்தியாசம் ஐந்தைத் தாண்டினால் இரண்டில் ஒன்று பழுது என்று பொருள். இயந்திரத்தைப் பழுது என்று இதுவரை யாரும் எழுதியதில்லை.

சோலைமலையின் நாக்கு செத்து மூன்று வருடம் ஆகிவிட்டது. அது யாருக்கும் தெரியாது.

அவன் மனைவி அங்கயற்கண்ணிதான் பீப்பாய் அறையின் பொறுப்பாளர். ஒரு நாள் எட்டாம் தொட்டியைக் கழுவ இறங்கினாள். திராட்சை நொதித்த தொட்டியின் அடியில் கரியமில வாயு தேங்கி நிற்கும். காற்றுமானி வரட்டும் என்று அவள் சொன்னாள். மேற்பார்வையாளர் திரவியம், "ரெண்டு நிமிச வேலைம்மா, எறங்கு" என்றார். கூரைக்கு வெளியே கிரகம் முழுக்க அந்த வாயுதான். அதற்குப் பயந்து கட்டிய கூரைக்குள்ளேயே அவள் அதில் மூழ்கிச் செத்தாள். அவசரப்பட்டது அவள்தான் என்று திரவியம் அறிக்கை எழுதினார். சாட்சியாகக் கையெழுத்துப் போட சோலைமலை மறுத்துவிட்டான். அன்றிலிருந்து இருவரும் ஒரே காற்றைச் சுவாசித்து ஒருவரையொருவர் வெறுத்து வந்தார்கள். வேறு போக்கிடம் கிடையாது.

அவள் செத்த மறுநாள் காலை சோலைமலை ஜாடியிலிருந்து ஒரு வாய் எடுத்தான். தண்ணீரைப் போல இருந்தது. அதற்கு மறுநாளும் அப்படித்தான். சொன்னால் வேலை போகும். வேலை போனால் நாற்பத்தொன்றாம் பீப்பாயும் போகும்.

நாற்பத்தொன்று அவள் கடைசியாக வார்த்தது. சாவதற்கு முதல்நாள் அவன்தான் சுவைத்து மதிப்பெண் போட்டான்.

"தொண்ணூத்தி நாலு."

"மிச்சம் ஆறு எங்க?"

"குடுத்தா உன்னக் கையில புடிக்க முடியாது. அடுத்த வருசம் பாப்போம்."

"கஞ்சப்பய" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தொண்ணூறுக்கு மேல் வாங்கிய பீப்பாயைச் சுவைப்பவன் விரும்பினால் தனியே நிறுத்தி வைக்கலாம். மாதம் ஒருமுறை ஒரு ஜாடி எடுத்துச் சோதித்து, மதிப்பெண் இறங்கவில்லை என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான். மரத்தின் வழியே ஒயின் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். குறைகிற அளவுக்கு வேறு ஒயினை ஊற்றித் தலை நிரப்புவது எல்லா ஆலையிலும் வழக்கம். நாற்பத்தொன்றில் வேறு எதுவும் விழக்கூடாது என்று சோலைமலை எழுதிக் கொடுத்துவிட்டான்.

மதிப்பெண்ணுக்கும் வழி கண்டுபிடித்திருந்தான். சுவைமானியின் திரை மேற்பார்வையாளர் பக்கம் பார்த்து இருக்கும். ஆனால் அதன் எதிரே எட்டாம் தொட்டி நின்றது. பளபளக்கும் எஃகு. அதில் எண் இடம் வலம் மாறித் தெரியும். அவன் வாயைக் கொப்பளித்துத் துப்புவான், தொட்டியைப் பார்ப்பான், எழுதுவான். மூன்று வருடமாக ஒரு மதிப்பெண்கூடப் பிசகவில்லை.

கப்பல் புறப்படுவதற்குப் பத்து நாள் இருந்தது. அனுப்ப வேண்டிய சரக்கில் ஒரு பீப்பாய் குறைந்தது. அன்று காலை சோலைமலை உள்ளே வந்தபோது எட்டாம் தொட்டியின்மேல் ஒரு போர்வை கிடந்தது. பக்கத்தில் திரவியம் கைகட்டி நின்றார். குழாய் கழுவுகிறவர்களையும் வேடிக்கை பார்க்கக் கூப்பிட்டிருந்தார்.

"என்னய்யா சோலை, கண்ணாடி பாத்துத்தான் மார்க் போடுவியாமே?"

அவன் போர்வையைப் பார்த்தான்.

"நாங்க தொட்டிக்குள்ள எறங்கித் தேய்க்கிறோம். நீ உக்காந்து துப்புறதுக்கு உனக்குக் குவாட்டர்ஸு. இன்னைக்கு நீயா போடு. தப்புன்னா உன் நாக்குக்குப் பழுதுன்னு முத்திரை. நாப்பத்தொண்ணு கலவைத் தொட்டிக்கு."

"எங்கயும் ஓடிறாதப்பா, வெளிய காத்து இல்ல" என்றான் ஒருவன். சிரித்தார்கள்.

சோலைமலை நாற்பத்தொன்றின் ஜாடியிலிருந்து ஒரு வாய் எடுத்தான். உருட்டினான். ஒன்றுமில்லை. துப்பினான். மூன்று வருடமாக எழுதியதையே எழுதினான். தொண்ணூற்று நான்கு.

அவன் அட்டையிலிருந்து பேனாவை எடுத்த அரை நொடியில் சுவைமானியின் திரை ஒளிர்ந்தது. தொண்ணூற்று நான்கு.

சிரிப்பு நின்றது. திரவியம் திரையை உற்றுப் பார்த்தார். பிறகு அவர் முகம் மெல்ல மலர்ந்தது. அதுதான் சோலைமலைக்கு உறுத்தியது.

"சரிதான்யா. நீ ஜெயிச்சுட்ட. தொண்ணூத்தி நாலுன்னா தங்கம்ல? தங்கத்தை எதுக்கு மூலையில போட்டு வச்சிருக்கோம்? தனிச் சரக்காவே கப்பல்ல ஏத்துங்கப்பா. பேரு... அங்கயற்கண்ணின்னே போடுங்க. செத்தவளுக்கும் ஒரு மரியாத."

விதியில் அதற்கும் இடம் இருந்தது. மேற்பார்வையாளர் கப்பலுக்கு என்று சொன்னால் கப்பலுக்குத்தான்.

மதியம் கேண்டீனில் ஒச்சம்மா அவன் தட்டில் சோற்றைக் குத்திப் போட்டாள். ஐம்பது வயது. யாரிடமும் நல்ல வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை.

"நாப்பத்தொண்ண ஏத்துறீகளாம்ல? அப்பறம் என் கொழம்புக்கு எதய ஊத்துறது? உன் மண்டையவா?"

"என்ன குழம்புக்கு?"

"மாசாமாசம் நீ துப்பிட்டுப் போற ஜாடியில மிச்சத்த யாரு எடுக்கிறான்னு நெனச்ச? ஊருல புளி ஏது? ஒன்றர வருசமா அதத்தான் ஊத்தறேன். நல்ல வினிகருய்யா அது. பல்லு கூசும்."

சோலைமலையின் கை தட்டிலேயே நின்றது. "ஏன் சொல்லல?"

"யார்கிட்ட? நீ தொண்ணூத்தி நாலு போட்ட. அந்த மிசினும் போட்டுச்சு. சட்டி கழுவுறவ பேச்ச எவன் கேப்பான்? என் நாக்குதான் வெளங்காமப் போச்சாக்கும்னு இருந்துட்டேன். கொழம்பு மட்டும் நல்லா வந்துச்சு."

அவன் எழுந்து பீப்பாய் அறைக்குப் போனான். மூடியைப் பிடுங்கி விளக்கடித்துப் பார்த்தான். பீப்பாய் பாதிக்குமேல் காலி. ஒயினின் மேல் வெள்ளையாக ஆடை படிந்திருந்தது. காலி இடத்தில் காற்று புகும். காற்று புகுந்த ஒயின் புளிக்கும். ஆலையில் முதல் நாளே சொல்லித்தரும் பாடம். வேறு ஒயின் கலக்கக் கூடாது என்று அவன்தான் எழுதிக் கொடுத்திருந்தான். அவள் வார்த்ததை அவனே கெடுத்திருக்கிறான்.

அப்படியானால் சுவைமானி? அதன் பின்பக்கத்தைத் திறந்தான். நுகர்குழல் முழுக்கச் செம்மண் தூசி, கல்லாக இறுகியிருந்தது. குழல் அடைத்தால் இயந்திரம் நின்றுவிடக் கூடாது என்று அதைச் செய்தவர்கள் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள்: அருகில் கிடைக்கும் மனித மதிப்பெண்ணை எடுத்துக்கொள். அவன் எழுதியிருந்தால் அது. எழுதியிருக்காவிட்டால் போன மாதம் எழுதியது. மூன்று வருடமாக அவன் இயந்திரத்தைப் பார்த்து எழுதினான்; இயந்திரம் அவனைப் பார்த்து எழுதியது. இருவருக்கும் நடுவில் ஒயினை யாரும் சுவைக்கவில்லை.

அவள் பெயரை ஒட்டி வினிகரை அனுப்பப் போகிறார்கள். முதல் வாயிலேயே பூமி முழுக்க அவளைத் துப்பும்.

ஒரு தம்ளரில் பிடித்துக்கொண்டு திரவியத்தின் அறைக்குப் போனான். மூன்று வருடத்தில் அந்த அறைக்குள் அவன் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

"சார், நாப்பத்தொண்ணு வினிகராயிருச்சு. அனுப்பாதீங்க."

"காலையில தொண்ணூத்தி நாலு. மத்தியானம் வினிகரா?"

"எனக்கு ருசி தெரியாது. மூணு வருசமா தெரியாது. தொட்டியப் பாத்துத்தான் எழுதுனேன். நீங்க சொன்னது சரிதான்."

"நான் போர்வை போட்டுல்லய்யா மூடுனேன்? ருசி தெரியாதவன் எப்படி மிசினோட ஒத்துப்போவான்?"

"மிசின் என்னையப் பாத்துப் போடுது."

திரவியம் சிரித்தார். "பொண்டாட்டி பீப்பாய விட மனசு வரல. அதுக்கு நாக்கையே காவு குடுக்குற. குடு இங்க."

ஒரு மடக்குக் குடித்தார். அவரது ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. தாடை ஒருபக்கம் இழுத்தது. மேசையைப் பிடித்துக்கொண்டார். பிறகு சுவரில் இருந்த சோதனை அறிக்கையைப் பார்த்தார். மனித நாக்கு 94. சுவைமானி 94. இன்னொரு மடக்கு, இந்தத் தடவை மெதுவாக.

"ஆழமா இருக்கு" என்றார், கண்ணில் நீரோடு. "உனக்கு வயித்தெரிச்சல்யா. போ."

நூற்றிருபது பாட்டில் தேறியது. கப்பல் போயிற்று.

பூமிக்குப் போய்ச்சேர ஏழு மாதம். ஏழு மாதமும் சோலைமலை நாக்கைத் திறந்து, துப்பி, எழுதி, நாக்கை மூடிக்கொண்டு காத்திருந்தான். தன் வேலை போவதைப் பற்றி அவன் நினைக்கவில்லை. அவள் பெயருக்குப் பக்கத்தில் என்ன எழுதுவார்கள் என்பதையே நினைத்துக்கொண்டிருந்தான்.

பூமியில் குடித்தவர்கள் எழுதியவை வந்து சேர்ந்தன. திரவியம் கேண்டீன் திரையில் போட்டுக் காட்டினார்.

"முதல் வாயில் முகம் சுளித்தேன். பிறகு மதிப்பெண்ணைப் பார்த்தேன். மறுபடி குடித்தேன். புரிந்தது."

"சாதாரண நாக்குக்கு இது எட்டாது."

"என் மாமனாருக்குப் பிடிக்கவில்லை. எதிர்பார்த்ததுதான்."

சராசரி தொண்ணூற்றேழு. விருந்துகளில் ஒரு கண்ணை மூடி, தாடையை இழுத்துக்கொண்டு படம் எடுத்துப் போடுவது வழக்கமாகியிருந்தது. அதற்கு 'அங்கயற்கண்ணி முகம்' என்று பெயராம். கலவைத் தொட்டியிலிருந்து போன நல்ல ஒயின் எல்லாம் "புளிப்பு போதவில்லை" என்று கடைகளிலேயே நின்றது.

கூடவே உத்தரவும் வந்தது. இனி எந்தப் பீப்பாய்க்கும் தலை நிரப்பக் கூடாது. சுவைமானிக்கும் புது ஏற்பாடு: இனி அது பீப்பாயின் பதிவேட்டைப் பார்த்து மதிப்பெண் போடும். தலை நிரப்பியிருந்தால் அறுபதுக்குள். காலி இடம் கூடக்கூட மேலே.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நாக்கைத் திறந்துவிட்டார்கள். உத்தரவுக்கு முன்பே தலை நிரப்பிய ஐம்பத்திரண்டாம் பீப்பாயிலிருந்து ஜாடி வந்தது. சோலைமலை ஒரு வாய் எடுத்து உருட்டினான்.

பன்னீர் திராட்சை. முதலில் அதன் வாசனை, பிறகு நாக்கின் ஓரங்களில் துவர்ப்பு, கடைசியில் லேசாக உப்பு. அவன் அசையாமல் நின்றான். ஏன் அன்று திரும்பி வந்தது என்று அவனுக்கும் தெரியவில்லை. துப்ப வேண்டிய பாத்திரம் முன்னால் இருந்தது. துப்பவில்லை. பதினோரு வருட வேலையில் முதல் தடவையாக விழுங்கினான்.

அவள் கற்றுக்கொடுத்த ஆட்கள்தான் வார்த்திருந்தார்கள். அவள் கை தெரிந்தது.

எட்டாம் தொட்டியில் எண் இடம் வலம் மாறித் தெரிந்தது. ஐம்பத்தெட்டு. போர்வை கிடையாது, பார்ப்பதற்கு ஆளும் கிடையாது. அப்படியே எழுதினால் மாலையில் வீட்டுக்குப் போகலாம்.

தொண்ணூற்று நான்கு என்று எழுதினான்.

மணி அடித்தது. வித்தியாசம் முப்பத்தாறு. திரவியம் ஓடிவந்து அட்டையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

"மூணு வருசமா ஒரு மார்க் பிசகாத நாக்கு. இன்னைக்குப் போயி கெட்டுப்போச்சேய்யா."

"இன்னைக்குத்தான் சார் நல்லா இருக்கு."

"கெட்ட நாக்கு எல்லாம் அப்படித்தான் சொல்லும்." அவர் உண்மையாகவே வருத்தப்பட்டதுபோல இருந்தது. அது வசவைவிட மோசமாக இருந்தது. அட்டையில் பழுது என்று முத்திரை குத்தினார். "அடுத்த கப்பல் வர்ற வரைக்கும் கேண்டீன்ல சட்டி கழுவு."

சட்டி கழுவுகிறவனுக்கு நாக்குறை கிடையாது.

மதியம் ஒச்சம்மா அவனுக்கும் ஒரு தட்டை வைத்தாள். கீழ் அலமாரியிலிருந்து ஒரு கேனை எடுத்துக் குலுக்கிப் பார்த்து, கடைசிச் சொட்டுவரை குழம்பில் கவிழ்த்தாள்.

"ஏத்துறதுக்கு முன்னாடி கொஞ்சம் புடிச்சு வச்சிருந்தேன். இதோட தீந்துச்சு உன் பொண்டாட்டி சரக்கு. முழிக்காம தின்னு."

சோலைமலை பிசைந்து ஒரு கவளம் வாயில் வைத்தான். புளிப்பில் பல் கூசியது. அதற்குப் பின்னால், வெகு தூரத்தில், பன்னீர் திராட்சை. மென்றான். விழுங்கினான். இன்னொரு கவளம். தட்டு காலியாகும் வரை தலை நிமிரவில்லை.

"நூறு" என்றான்.

"என்னது நூறு?"

"மார்க்."

ஒச்சம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கொழம்புக்கு எவன்யா மார்க் போடுவான்? தின்னுட்டுத் தட்டக் கழுவு."