கன்னத்து மைப்பொட்டு

"பன்னெண்டு வயசுப் பிள்ளைக்குக் கன்னத்துல என்ன மைப்பொட்டு? அழிச்சு விடு. போட்டோவுல அழுக்கு மாதிரி விழும்" என்று காலையிலேயே ஆரம்பித்துவிட்டார் சௌந்தரபாண்டியன்.

முத்துப்பேச்சி அழிக்கவில்லை. மகள் தேவிபிரியாவுக்குத் தலை வாரிக்கொண்டே, "இருக்கட்டும் மச்சான்" என்றாள். புருஷனின் அண்ணனிடம் அதற்கு மேல் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. புருஷன் சீனிச்சாமியோ கரி லோடோடு தூத்துக்குடி போயிருந்தான்.

வாசலில் கட்டியிருந்த பிளெக்ஸில் சௌந்தரபாண்டியன் ஆளுயரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். 'மாற்றுத்திறனாளிகளின் விடிவெள்ளியே' என்று போட்டிருந்தது. யாருக்காக விடிந்ததோ அந்தப் பிள்ளை, அவர் முழங்கைக்குக் கீழே தபால்தலை அளவில் இருந்தது. விடிவெள்ளி செய்ததெல்லாம், ஆறு மாசத்துக்கு முன்னால் மதுரை அறக்கட்டளையின் உதவித்தொகை விண்ணப்பத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டதுதான். அதையும் இடம் மாற்றிப் போட்டு வைக்க, முத்துப்பேச்சி மறுபடி காரியாபட்டி வழியாக மதுரைக்குப் பஸ் ஏறி அலைந்தாள்.

அந்த உதவியில்தான் பேச்சு வராத தேவிபிரியா, சனிக்கிழமைதோறும் திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டைக்கு இசைப் பயிற்சிக்குப் போகிறாள். இம்மானுவேல் மாஸ்டர் மேளத்தைத் தட்டுவார். இவள் திருப்பித் தட்ட வேண்டும். இன்று அறக்கட்டளை அதிகாரி வீட்டுக்கு வந்து பார்த்து எழுதினால்தான் அடுத்த வருஷமும் உதவி வரும். இல்லையென்றால் இந்தச் சனியோடு சரி.

சௌந்தரபாண்டியனின் மனைவி அமுதவள்ளி அடுப்படியில் கேசரி கிண்டிக்கொண்டிருந்தாள். அவள் முத்துப்பேச்சியோடு பேசி ஐந்து மாசம். அவள் மகளின் சடங்கு ஒரு சனிக்கிழமையில் வந்தது. சொந்தச் சித்தி பயிற்சிக்குப் போய்விட்டாள், பந்தலில் இல்லை. அதிலிருந்து உப்பு எங்கே என்பதைக்கூட அமுதவள்ளி சுவரிடம்தான் கேட்பாள்.

பதினோரு மணிக்கு அதிகாரி பாலமணிகண்டன் வந்தார். சௌந்தரபாண்டியன் அவருக்குத் துண்டைப் போர்த்திவிட்டுத் தன் சேவையைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினார். அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில் அதிகாரி முத்துப்பேச்சியிடம் திரும்பினார்.

"சொல்லுங்கம்மா, பயிற்சியால பாப்பாகிட்ட ஏதாவது முன்னேற்றம் தெரியுதா?"

வாசலில் தெருவே நின்றது. முத்துப்பேச்சி அந்தக் கூட்டத்தைப் பார்த்தாள். பிள்ளைக்கு மூணு வயசில், 'எம்புள்ள நடந்துட்டா' என்று இதே வாசலில் நின்று ஊருக்குச் சொன்னவள் அவள். மறுநாளே பிள்ளைக்கு வலிப்பு வந்தது. அதிலிருந்து நல்லது எதையும் அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"அப்படியேதான் இருக்கா சார்... ஒண்ணும் மாத்தமில்ல."

அதிகாரி 'பயனில்லை' என்று எழுதினார்.

அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள் அமுதவள்ளி. ஐந்து மாசத்துக்குப் பிறகு நேருக்கு நேர் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லயா? ஒண்ணுமில்லாததுக்கா எம்மக சடங்குக்கு வராமப் போன? மனையில உக்காந்துக்கிட்டு சித்தி எங்க, சித்தி எங்கன்னு கேட்டாடி. நான் என்ன பதில் சொல்ல?"

"அக்கா..." முத்துப்பேச்சி ஓரடி முன்னே வந்தாள். "அன்னைக்குத்தாங்க்கா அவ எம்மொகத்தப் பாத்தா."

வாசலில் நின்றவர்கள் இன்னும் நெருங்கி வந்தார்கள்.

"பன்னெண்டு வருசமாக் கூப்புடுறேன். செவுத்தப் பாப்பா, சுத்துற ஃபேனைப் பாப்பா. எம்பக்கம் மட்டும் திரும்ப மாட்டா. அன்னைக்கு மாஸ்டர் என்னையத் தட்டச் சொன்னாரு. நான் ரெண்டு தட்டு தட்டுனேன். அவளும் ரெண்டு தட்டுனா. தட்டிட்டு... அடுத்து நீ தட்டுங்கிற மாதிரி என்னையவே பாத்துக்கிட்டு இருந்தாக்கா. பஸ்ஸு ஆரன் அடிச்சா அலறுவாள்ல, இப்ப அலறல. தட்டுல தாளம் போட்டாத் தானா சோத்தெடுத்துத் திங்கிறா..." சொல்லச் சொல்லவே பயந்துபோய் மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். "ஒங்ககிட்டக்கூடச் சொல்லலக்கா. சொன்னாப் போயிருமோன்னு..."

சௌந்தரபாண்டியன் தொண்டையைச் செருமினார். "இதைத்தான் நான் ஆரம்பத்துலயே..."

"நீங்க சும்மா இருங்க." கேசரிக் கரண்டி அவர் மூக்குக்கு நேரே நின்றது.

அதிகாரி எழுதியதை அடித்தார். "இப்பச் சொன்னதையே எழுதுறேம்மா. அடுத்த வருஷமும் வரும்."

"எழுதுங்க சார். சத்தமா மட்டும் வாசிக்க வேணாம்."

அமுதவள்ளி கரண்டியைப் போட்டுவிட்டு முத்துப்பேச்சியைக் கட்டிக்கொண்டாள். இருவர் அழுகைக்கும் நடுவில் நசுங்கிய தேவிபிரியா, பெரியம்மாவின் வளையலில் விரலால் ரெண்டு தட்டு தட்டினாள். காத்திருந்தாள்.

"என்னடி வேணுமாம் இவளுக்கு?"

"நீங்க தட்டணும்க்கா."

அமுதவள்ளி தட்டினாள். பிள்ளை மெல்ல நிமிர்ந்து பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

அந்தப் பார்வை தன் பக்கமும் ஒரு தரம் திரும்பாதா என்று முத்துப்பேச்சியின் மனசு கிடந்து ஏங்கியது. கூப்பிடவில்லை. காத்திருந்தாள்.

அமுதவள்ளி தன் கண்ணில் கரைந்த மையை விரலில் ஒற்றி, பிள்ளையின் மறு கன்னத்திலும் ஒரு பொட்டு வைத்தாள்.

"ஒண்ணும் மாத்தமில்லடி" என்றாள், தெருவுக்குக் கேட்கிற மாதிரி. "அப்படியேதான் இருக்கா."