ஒட்டிக்கொண்ட கடைசி அத்தியாயம்

சைரா அந்தத் தீவுக் கதையை ஒன்பது முறை படித்துவிட்டாள். பேரணாம்பட்டில் அவள் படிக்கும் ஆறாம் வகுப்பின் நூலகத்தில் அதன் ஒரே ஒரு பிரதிதான் இருந்தது. அட்டை பிய்ந்து தொங்கியது. அது பிய்ந்ததில் பெரிய பங்கு சைராவுடையதுதான்.

அதனால் அவளே அதற்கு வைத்தியம் பார்த்தாள். அப்பா ஷூ கம்பெனியில் வேலை செய்பவர். வீட்டில் சிவப்புத் தோல் துண்டும், ஷூ ஒட்டும் சொல்யூஷனும் இருந்தன. சொல்யூஷனைத் தாராளமாக ஊற்றி, தோலை அட்டையில் ஒட்டினாள். புத்தகம் புது மாப்பிள்ளை மாதிரி ஆனது.

மூன்று வாரமாகக் காத்திருந்த நவீன்குமார் அதை வாங்கிப் போனான். மறுநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான்.

"இன்னா சைரா இது? அண்ணனும் தங்கச்சியும் ஆட்டுக்குட்டியோட தீவுல மாட்டிக்கினாங்க. படகு அலையில போவுது. அடுத்த பக்கம் பிரியவே மாட்டேங்குது."

பின் அட்டையிலிருந்து சொல்யூஷன் உள்ளே வழிந்து, கடைசி அத்தியாயம் முழுவதும் பலகை மாதிரி ஒட்டியிருந்தது.

"முடிவை நான் சொல்றேன்," என்றாள் சைரா.

நவீன் காதைப் பொத்திக்கொண்டான். "சொல்லிட்டா போச்சு. நானே படிக்கணும்."

மாலையில் அப்பாவிடம் காட்டினாள்.

"சொல்யூஷனை லேசா தடவி, காய விட்டு அப்புறம்தான் ஒட்டணும்," என்றார் அப்பா. "ஷூவே பிரியாது. காகிதம் எப்படிம்மா பிரியும்?"

சைராவுக்கு அழுகையே வந்துவிட்டது. பாவம் நவீன், மூன்று வாரம் காத்திருந்தானே. நோட்டிலிருந்து தாள்களைக் கிழித்து, கடைசி அத்தியாயத்தை நினைவிலிருந்து எழுதத் தொடங்கினாள். பல வரிகள் அப்படியே வந்தன. எட்டுப் பக்கம் முடிந்தபோது விரல் வலித்தது.

நவீன் மறுநாள் அதைப் படித்துவிட்டுச் சிரித்தான். "ஆட்டுக்குட்டியை விட்டுட்டுப் போய்டுவாங்களோன்னு பயந்துட்டேன்."

சைரா நெளிந்தாள். "புத்தகத்துல விட்டுட்டுத்தான் போவாங்க. காப்பாத்த வர்ற படகுல இடம் இருக்காது. ஒன்பது தடவையும் அழுதேன். எழுதும்போது மனசு கேக்கல, நானே ஏத்திட்டேன்."

நவீன் யோசித்தான். "அப்ப நிஜ முடிவையும் எழுதிக் குடு."

"அழுவியே."

"பரவாயில்ல, குடு."

அடுத்த நாள் அதையும் எழுதிக் கொண்டுவந்தாள். நவீன் படித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பிறகு முதலில் எழுதிய தாள்களை எடுத்து, ஆட்டுக்குட்டி படகில் ஏறும் இடத்தை இன்னொரு முறை படித்தான்.