மூன்றரை மில்லிமீட்டர்

காலையில் அவள் சாக்பீஸால் வட்டம் போட்டபோது குழி அதற்குள் அடங்கியிருந்தது. சாயங்காலம் வந்து பார்த்தால் கோட்டைத் தாண்டிக் கிடந்தது.

சாய்ந்த வெயில் நிழலை நீட்டி ஏமாற்றுகிறது என்றுதான் முதலில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மேலே ஐந்து மாடி உயரத்துக்கு மக்காச்சோளம் நிரப்பும் இரும்புத் தொட்டி. கீழே அதைத் தாங்கும் வட்டச் சுவர், இரண்டு ஆள் உயரம், ஆறே மில்லிமீட்டர் கனம். லாரியிலிருந்து இறக்கும்போது எதிலோ இடித்து அந்தச் சுவரில் ஒன்றரை அடி அகலத்துக்குக் குழி விழுந்திருந்தது.

அளப்பது அவள் வேலை. எதையும் மூன்று முறை அளப்பாள், அப்போதும் சந்தேகம் தீராது. அதனால் வெல்டர் அண்ணன் அவளுக்கு வைத்த பெயர் மில்லி.

"கன்னக்குழி மாதிரி அழகாத்தானே இருக்கு," என்று காலையில் அவன் சிரித்தான். "இதையும் மூணு தடவை அளக்கப்போறியா மில்லி?"

"தப்பாப்போனா நான்தானே பதில் சொல்லணும்."

"நீ கையெழுத்துப் போட்டுட்டா நான் உள்ள படுத்தே தூங்குவேன்."

குறுக்கே வைத்து அளக்கும் மீட்டர் நீளக் கம்பி வண்டியில் சாமான்களுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. பையிலிருந்த ஒரு அடி ஸ்கேலைக் குழியின்மேல் வைத்து அளந்தாள். மூன்று முறையும் மூன்றரை மில்லிமீட்டர். ஐந்து வரை அனுமதி. கையெழுத்துப் போட்டாள்.

இப்போது தொட்டிக்கு அடியில், அந்த வட்டச் சுவருக்குள்ளே அண்ணன் வெல்டிங் செய்துகொண்டிருந்தான். மேலே சோளம் தகரக் கூரையில் பெய்யும் மழைபோல ஓயாமல் இரைந்து கொட்ட, இனிப்பான தூசி மூக்கில் ஏறித் தொண்டையில் ஒட்ட, அந்த இரைச்சலுக்கு நடுவே சற்றைக்கொரு தரம் சுவருக்குள்ளிருந்து மூன்று தட்டு கேட்டது. டொக், டொக், டொக். நான் நல்லா இருக்கேன் என்று சொல்ல அவன் வைத்திருந்த வழக்கம் அது.

அவள் ஸ்கேலை மறுபடி குழியில் வைத்தாள். வைத்த கை அப்படியே நின்றது. ஸ்கேலின் இரண்டு முனையும் குழிக்குள்ளேயே இருந்தன. நல்ல சுவரை அது தொடவே இல்லை. காலையிலும் தொட்டிருக்காது. குழியின் நடுவைக் குழியோடுதான் ஒப்பிட்டிருக்கிறாள். மூன்று முறையும்.

வண்டிக்கு ஓடி, சாமான்களை இழுத்துப் போட்டு, நீளக் கம்பியோடு திரும்பி வந்தாள். பதினொன்று. கோணலாக வைத்துவிட்டோமோ என்று மறுபடி வைத்தாள்.

பதினான்கு.

"மேஸ்திரி, நிறுத்தச் சொல்லுங்க."

"காலையில நீதானேம்மா சரின்னு எழுதிக்குடுத்தே?"

"நான் அளந்தது தப்பு. நிறுத்துங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடினார். சோளத்தை மேலே ஏற்றும் பெல்ட் நின்றது. ஆனாலும் அதில் மிச்சமிருந்த சோளம் கொட்டிக்கொண்டே இருந்தது. அவள் சுவரிலிருந்த சின்னக் கதவுக்கு ஓடிப் பிடியை இழுத்தாள். அசையவில்லை. சுவர் ஒரு மயிரிழை கீழே இறங்கியிருந்தது. நிலைச்சட்டம் கதவைக் கவ்விப் பிடித்திருந்தது.

"அண்ணா, வெளியே வா. கதவைத் தள்ளு."

"என்ன மில்லி, மறுபடி சந்தேகமா?" குரலில் சிரிப்பு. தோளால் இடிக்கும் சத்தம். இன்னொரு இடி. பிறகு சிரிப்பு இல்லை. "இது ஏன் திறக்கல?"

குழிக்குப் பக்கத்தில் இன்னொரு குழி விழுந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. சாய்சதுரமாக, வரிசையாக, சுவரைச் சுற்றிக்கொண்டு ஓடின. பெயின்ட் செதில் செதிலாகத் தெறித்தது.

"மில்லி, உன் கையெழுத்து..."

வெடி.

தரை அவளைத் தூக்கி எறிந்தது. இரும்பு கிழிந்தது. அலறல். பாதியில் நின்றது.

தூசி அடங்கியது. தொட்டி இரண்டு ஆள் உயரம் கீழே உட்கார்ந்திருந்தது. வட்டச் சுவர் கசக்கிய காகிதமாக மடிப்பின்மேல் மடிப்பாக நசுங்கிக் கிடந்தது. விரல் நுழைய இடமில்லை. ஒரு கிழிசலிலிருந்து சோளம் சொரிந்தது. மஞ்சளாக. பிறகு சிவப்பாக.

சத்தமே இல்லை.

டொக். டொக். டொக்.

அவள் தவழ்ந்து போனாள். மேல் மடிப்பில் சாக்பீஸ் வட்டம் அழியாமல் இருந்தது. அதற்குள் குழி இல்லை. இரும்பு வெளிப்பக்கமாகப் புடைத்திருந்தது. நெற்றி. மூக்கு. திறந்த வாய். ஒரு பக்கக் கன்னம்.

அவள் கை தானாக ஸ்கேலை எடுத்து அந்தக் கன்னத்தின்மேல் வைத்தது.

டொக்.

ஸ்கேல் ஒரு மில்லிமீட்டர் அவள் பக்கமாக நகர்ந்தது.

டொக்.

இரண்டு.